எல்லைக்கு அப்பால் நிற்கும் கப்பலுக்கு எப்படிப் போவது?

வருட முடிவில் டீலர்மாரை வெளிநாட்டுக்குக் கூட்டிச் செல்வது இப்போது நமது வியாபாரத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. பெயின்ட், டைல்ஸ், மின்சாரச் சாமான் என்று எந்தக் கம்பனியை எடுத்தாலும் இவ்வளவு விற்றால் ஒரு டிக்கட், இவ்வளவு விற்றால் இரண்டு டிக்கட் என்று ஒரு கணக்கு இருக்கும். முன்பெல்லாம் பாங்கொக்கோடு முடிந்துவிடும். இப்போது சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் மூன்று நாள், நான்கு நாள் போய்வருவதைப் பலரும் விரும்புகிறார்கள். கம்பனி தராவிட்டாலும் மெசெஞ்சர் வீதியிலும் பழைய சோனகத் தெருவிலும் பஞ்சிகாவத்தையிலும் கடை வைத்திருக்கும் நண்பர்கள் தங்களுக்குள் மாதா மாதம் காசு சேர்த்து, குடும்பத்தோடு முப்பது நாற்பது பேராகப் புறப்படுகிறார்கள். நல்ல விஷயம்தான். வருடம் முழுவதும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருக்கிறவனுக்கு நாலு நாள் கடல் காற்று தேவைதான்.

கிராண்ட்பாஸில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்யும் எனக்கு இப்படியான குழுக்களோடு மூன்று முறை போகவும், அவற்றில் இரண்டுக்குப் பொறுப்பாக இருக்கவும் நேர்ந்தது. அதனால் யாராவது கூட்டமாகப் புறப்படும்போது கொட்டேஷனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிடுகிறார்கள். அநேகமாக எல்லாக் கொட்டேஷனிலும் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, கட்டுநாயக்கவிலிருந்து நேரே சிங்கப்பூர். மற்றது, விமானத்தில் கோலாலம்பூர் சென்று அங்கிருந்து பஸ் வண்டியில் எல்லை தாண்டிச் சிங்கப்பூர். இரண்டாவது பல நேரங்களில் ஆளுக்குக் கணிசமான தொகை குறைவாக இருக்கும். நாற்பது பேருக்குப் பெருக்கிப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். போதாததற்கு கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஷொப்பிங்கும் செய்யலாம்.

"நானா, காலையில கோலாலம்பூர்ல இறங்கினா பின்னேரம் கப்பல்ல ஏறிடலாம்தானே?" என்று சென்ற மாதமும் ஒரு தம்பி கேட்டார். கடதாசியில் பார்த்தால் ஏறிடலாம். இரவு விமானம் அதிகாலையில் இறங்கும். கோலாலம்பூர் விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே, சிங்கப்பூர்ப் பக்கமாகவே இருக்கிறது. எல்லைக்குச் சுமார் 300 கிலோமீற்றர். நல்ல அதிவேகப் பாதை. நாலு, நாலரை மணித்தியாலத்தில் எல்லைக்குப் போய்விடலாம். கப்பல் பின்னேரம்தானே புறப்படுகிறது என்று ஏஜன்ட் சொல்வார்.

இதையே வியாபாரக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். காலை 7 மணிக்கு விமானம் தரையிறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேரும் குடிவரவு முடித்து, பெட்டி எடுத்து, கழிப்பறை போய், பஸ்ஸில் ஏறும்போது 9 மணி. வழியில் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் ஒரு மணித்தியாலம். எல்லைக்கு வரும்போது 2 மணி தாண்டிவிடும். எல்லையில் நல்ல நாள் என்றால் ஒரு மணித்தியாலம், கெட்ட நாள் என்றால் மூன்று. அதற்குப் பிறகு துறைமுகம் சிங்கப்பூரின் மறுகோடியில். எல்லாம் சரியாக நடந்தால் 4 மணி. ஒன்று பிழைத்தால் 6 மணி. கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே ஆட்களை ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள். இது கப்பலுக்குக் கப்பல் மாறும். டிக்கட்டில் அச்சிட்டிருக்கும் புறப்படும் நேரம் நமக்கு உதவாது. ஏறும் வாசலை மூடும் நேரம் எது என்றுதான் கேட்க வேண்டும்.

கடன் பட்டியலில் வசூலாகாத பணத்தை வைத்துக்கொண்டு அடுத்த மாதச் செக் எழுதுகிறவரைப் போன்றதுதான் இந்தக் கணக்கு.

நமது மூத்தவர்களுக்கு போட் மெயில் ஞாபகம் இருக்கும். 1914 முதல் 1964 வரை கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறி, தலைமன்னார் துறையில் கப்பலுக்கு மாறி, ஏறக்குறைய இருபது மைல் கடலைத் தாண்டி தனுஷ்கோடியில் இறங்கி, மீண்டும் ரயிலில் சென்னை போனார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்தப் பாதை போயிற்று. எங்கள் வாப்பா காலத்து ஆட்கள் அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்வது கோட்டையில் எடுத்த ஒரே டிக்கட்டில் சென்னை வரை போனதைத்தான். அங்கேயும் எல்லை இருந்தது, சுங்கம் இருந்தது, பரிசோதனை இருந்தது. ஆனால் ரயிலின் நேரமும் கப்பலின் நேரமும் ஒன்றையொன்று பார்த்துத் தயாரிக்கப்பட்டவை. பிரயாணி ரயிலை விட்டிறங்கிக் கப்பலைத் தேடி ஓட வேண்டியதில்லை.

இன்று கோலாலம்பூர் வழியாகப் போகும் நமது குழுவுக்கு அப்படி ஒரு டிக்கட் கிடையாது. விமானக் கம்பனி வேறு, பஸ் முதலாளி வேறு, எல்லை இரண்டு அரசாங்கங்களுடையது, கப்பல் கம்பனி இன்னொன்று. விமானம் பிந்தினால் பஸ்காரர் பொறுப்பில்லை. பஸ் பிந்தினால் கப்பல்காரர் பொறுப்பில்லை. எல்லையில் பிந்தினால் எவருமே பொறுப்பில்லை. கப்பல் தவறினால் பொதுவாகக் காசு திரும்பி வராது. பயணக் காப்புறுதி இருக்கிறதே என்பார்கள். எந்தக் காரணத்தால் தவறினால் பணம் கிடைக்கும் என்பதைப் பத்திரத்தில் வாசித்துப் பாருங்கள். வாகன நெரிசல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதே கேள்வி.

எல்லையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குத் தரைவழி இரண்டு. பழையது ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும், 1924இல் முறைப்படி திறந்த கோஸ்வே. ஒரு கிலோமீற்றர் நீளம்தான், ஆனால் உலகத்திலேயே அதிகமான ஆட்கள் தாண்டும் தரை எல்லைகளில் ஒன்று; நாளொன்றுக்கு மூன்று இலட்சம் பேர் அளவில் போய்வருகிறார்கள். மற்றது 1998இல் திறந்த இரண்டாவது பாலம். மேற்கே துவாஸ் பக்கம் போய் இறங்கும். கோலாலம்பூரிலிருந்து வரும் பஸ்களுக்கு அநேகமாக துவாஸ்தான் வசதி. சாதாரண நாட்களில் நெரிசலும் குறைவு. ஆனால் பாடசாலை விடுமுறை, பெருநாள், சீனப் புத்தாண்டு, நீண்ட வார விடுமுறை என்றால் இரண்டுமே ஒன்றுதான். ஜொகூர் மாநிலத்தில் வார விடுமுறை முன்பு வெள்ளி, சனியாக இருந்தது. 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறாக மாறிவிட்டது. பழைய அனுபவத்தை வைத்து நாள் குறிக்கும் ஏஜன்ட்மார் இதைக் கவனிக்க வேண்டும். வேலை நாட்களில் அதிகாலையில் ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் கூட்டம் தனி.

பஸ்ஸில் உட்கார்ந்தபடியே எல்லை தாண்டலாம் என்று நினைக்கிறவர்கள் நம்மில் உண்டு. மலேசியப் பக்கத்தில் இறங்கிக் கடவுச்சீட்டைக் காட்டி ஏற வேண்டும். சிங்கப்பூர்ப் பக்கத்தில் பெட்டிகளோடு இறங்கி, குடிவரவும் சுங்கமும் முடித்து, மறுபுறம் நிற்கும் பஸ்ஸைத் தேடிப்பிடித்து ஏற வேண்டும். வயதான உம்மாமார், கைக்குழந்தைகள், ஆளுக்கு இரண்டு பெட்டி. நாற்பதாவது ஆள் வெளியே வரும் நேரம்தான் முதலாவது ஆளுக்கும் நேரம். நமது பெயர்களும் ஒரு காரணம். முஹம்மத் என்று தொடங்கும் பெயர் எங்காவது ஒரு பட்டியலில் உள்ள பெயரோடு ஒத்துப்போனால் அதிகாரி உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பார். பெரும்பாலும் அரை மணித்தியாலத்தில் அனுப்பிவிடுவார்கள். அந்த அரை மணித்தியாலத்தை நாற்பது பேரும் சேர்ந்து கொடுக்க வேண்டும்.

சுங்கத்திலும் அப்படித்தான். சிங்கப்பூருக்குள் சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகை எதுவும் இல்லை. ஒரு பெட்டி என்றாலும் அறிவிக்க வேண்டும். வேப் எனப்படும் மின் சிகரெட், சுவிங்கம் இரண்டும் கொண்டுபோகக் கூடாது. வெற்றிலைக்குப் போடும் வாய்ப்புகையிலையும் தடை. இதை ஏன் எழுதுகிறேன் என்று நமது கடைத்தெரு ஆட்களுக்குத் தெரியும். 20,000 சிங்கப்பூர் டொலருக்கு மேல் பணம் வைத்திருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். கொள்வனவுக்கென்று நாலைந்து பேரின் காசை ஒருவரே சுமந்து செல்லும் பழக்கம் நம்மிடம் இருப்பதால் சொல்கிறேன்.

இனி வண்டி. குழுவுக்கென்று முழு பஸ்ஸை வாடகைக்கு எடுப்பது ஒரு முறை. இதில் கேட்க வேண்டியது, அதே பஸ் சிங்கப்பூருக்குள் வந்து துறைமுகம் வரை கொண்டுபோய் விடுமா என்பதே. மலேசியாவில் பதிந்த பஸ் சிங்கப்பூருக்குள் ஆட்களை ஏற்றிவர அங்குள்ள தரைப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். எல்லா வண்டிக்கும் அது இருக்காது. இல்லாதவர் எல்லை வரை ஒரு பஸ், எல்லைக்கு அப்பால் வேறொரு பஸ் என்று ஏற்பாடு செய்வார். விலை குறையும். ஆனால் மறுபுறத்து சாரதிக்கு அதே பின்னேரம் இன்னொரு பயணம் இருந்தால் நாம் நடுவில் நிற்போம். எங்கள் குழு ஒன்று துவாஸில் இப்படி ஒன்றேகால் மணித்தியாலம் நின்றது. நல்லவேளை, அன்று எங்களுக்கு ஹோட்டலுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

அனுமதிப்பத்திரம் என்றால் வெறும் கடதாசி என்று எண்ண வேண்டாம். 2025 ஜூன் 9ஆம் திகதி அதிகாலை மலேசியாவின் கெரிக் அருகே வாடகை பஸ் ஒன்று கவிழ்ந்து பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தார்கள். விசாரணையில் வெளிவந்தது, அந்த பஸ்ஸின் அனுமதி ஒருவர் பெயரில் இருக்க, அதை வாடகைக்கு எடுத்து ஓட்டியவர் வேறொருவர் என்பது. ஏஜன்ட் ஒரு கம்பனியின் பெயரைச் சொல்லுவார், வாசலில் வந்து நிற்பது வேறு பஸ்ஸாக இருக்கும். எனவே பஸ்ஸின் இலக்கம், அனுமதி யார் பெயரில், சாரதி எத்தனை பேர் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். இரவு முழுவதும் விமானத்தில் வந்த நமக்குத் தூங்கலாம். சாரதி தூங்கக் கூடாது. அந்த விபத்துக்குப் பின் 2025 ஜூலை முதல் மலேசியாவில் புதிய வகை எக்ஸ்பிரஸ், சுற்றுலா பஸ்களில் பிரயாணிகளுக்கும் ஆசனப் பட்டி கட்டாயம்.

சாதாரண எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் ஆளுக்கொரு டிக்கட் எடுப்பது மலிவு. ஐந்தாறு பேருக்குச் சரி. கூட்டத்துக்குச் சரிவராது. எல்லையில் பிந்துகிறவருக்காக அந்த சாரதி அதிக நேரம் காத்திருக்க மாட்டார். அடுத்த பஸ்ஸில் வா என்று போய்விடுவார். ரயிலும் இருக்கிறது. 2025 டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நாலரை மணித்தியாலத்துக்குள் போகிறது. அங்கிருந்து உட்லண்ட்ஸுக்குச் சிறு ரயில் ஐந்து நிமிடம். இளைஞர்களுக்கு அருமையான பயணம். நாற்பது பேருக்கு ஒரே ரயிலில் இடம் பிடிப்பதும் பெட்டிகளை ஏற்றி இறக்குவதும் வேறு கதை. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் போனால் ஒரு மணித்தியாலம்தான். ஆனால் அந்தச் செலவையும் சேர்த்தால் நேரே சிங்கப்பூர் போகும் விலைக்கே வந்துவிடுகிறது.

என் ஆலோசனை எளிமையானது. எல்லையைக் கப்பலுக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வையுங்கள். கொழும்பிலிருந்து நேரே சிங்கப்பூர் போங்கள். கப்பல் புறப்படுவதற்கு முதல் நாளே போய் ஓர் இரவு தங்குங்கள். கப்பல் பயணம் முடிந்து சிங்கப்பூரில் இறங்கிய பின் பஸ் எடுத்து, எல்லை தாண்டி, கோலாலம்பூரில் இரண்டு நாள் இருந்து, அங்கிருந்து விமானம் ஏறி வாருங்கள். போவது ஓர் ஊர், வருவது வேறோர் ஊர் என்று டிக்கட் போடச் சொன்னால் போடுவார்கள். ஒரே பஸ், ஒரே எல்லை, அதே நெரிசல். ஆனால் அப்போது மூன்று மணித்தியாலம் பிந்தினால் நட்டம் ஒரு பின்னேர ஷொப்பிங் மட்டுமே. விலை குறைந்த பஸ்ஸைக் கூடத் துணிந்து எடுக்கலாம்.

அதற்கு வசதியில்லாமல் கோலாலம்பூர் வழியாகத்தான் போக வேண்டும் என்றால், எல்லையை முதல் நாளே தாண்டிவிடுங்கள். சிலர் சிங்கப்பூர் ஹோட்டல் விலையைப் பார்த்துவிட்டு ஜொகூர் பாருவில் தங்குகிறார்கள். காசு மிச்சம்தான், ஆனால் எல்லை இன்னும் முன்னால் நிற்கிறது, காலையில் வேலைக்குப் போகும் கூட்டத்தோடு சேர்ந்து. நாற்பது பேரின் ஒரு இரவு ஹோட்டல் செலவையும், நாற்பது பேரின் கப்பல் டிக்கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வீசாவில் பலர் இடறுகிறார்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூரில் முன்கூட்டி வீசா தேவையில்லை; மலேசியாவுக்குத் தேவை. ஒரு முறை நுழையும் வீசா, வெளியேறியதும் முடிந்துவிடும். இப்போது எண்ணுங்கள். கோலாலம்பூரில் இறங்குவது ஒரு நுழைவு. கப்பல் பினாங்கில் நின்றால் அது இரண்டாவது. திரும்பி பஸ்ஸில் ஜொகூருக்குள் வந்தால் மூன்றாவது. நான் சொன்னபடி மாற்றிப் போனாலும், கப்பல் மலேசியத் துறைமுகம் ஒன்றைத் தொட்டால் இரண்டு வரும். கப்பல் பிரயாணிகளுக்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் வீசா விதி என்ன என்பதைக் கப்பல் கம்பனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜன்டின் "அதெல்லாம் பிரச்சினையில்லை ஹாஜியார்" என்ற வார்த்தை கப்பலின் வாசலில் செல்லாது. இரண்டு நாடுகளுக்கும் வருகை அட்டையை ஒன்லைனில் மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், இரண்டும் இலவசம். காசு கேட்கும் இணையத்தளம் அரசாங்கத்துடையதல்ல. கப்பலிலிருந்து திரும்பிச் சிங்கப்பூருக்குள் வரும்போது புதிதாக இன்னொரு அட்டை வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல் துறை இரண்டு. ஒன்று செந்தோசாவுக்கு எதிரே ஹார்பர்ஃப்ரன்ட்டில். மற்றது 2012இல் திறந்த மரீனா பே துறை. "கப்பல் துறைக்குப் போ" என்று மட்டும் சாரதியிடம் சொன்னால் எதற்குப் போவார் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். டிக்கட்டில் உள்ள பெயரைக் காட்டுங்கள். மலேசிய நேரமும் சிங்கப்பூர் நேரமும் ஒன்றே, நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால். தாய்லாந்து ஒன்றரைதான் முன்னால். கப்பல் புக்கெட் போனால் கரைக்கு இறங்கித் திரும்பும்போது கைத்தொலைபேசியைப் பார்க்காமல், கப்பலில் எந்த நேரம் கணக்கு என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

கடைசியாகக் காசு கொடுக்கும் விதம். முழுத் தொகையையும் மாதக் கணக்கில் முன்னதாகக் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டார் குரூஸஸ் என்று நாமெல்லாம் அறிந்த கப்பல்களின் தாய்க் கம்பனியான கென்டிங் ஹொங்கொங் 2022 ஜனவரியில் கலைப்புக்குப் போனது. அவ்வளவு பெரிய கம்பனி. கப்பலுக்கு அவர்கள் கேட்கும் தவணைப்படி கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் கப்பல் கம்பனியின் பதிவு இலக்கத்தோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். பஸ்ஸுக்கு மூன்றில் ஒரு பங்கு முற்பணம் போதும். ஒரு பங்கு வண்டி வந்து நின்ற பிறகு. மிகுதி கடைசி ஆளின் பெட்டி இறங்கிய பிறகு. எல்லையில் எத்தனை மணித்தியாலம் வரை இலவசமாகக் காத்திருப்பார், அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு என்பதையும் அதே கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். சாரதியின் தொலைபேசி இலக்கம் குழுவில் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். ஒருவர் எல்லையில் முதலாவதாக வெளியே போகிறவர், மற்றவர் கடைசியாக வருகிறவர்.